குண்டு நிற்கும் இடம்

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடுமியான்மலையை வரலாற்று மாணவர்கள் அறிந்திருப்பது, அங்குள்ள குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட, 7ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டினால். சுற்றுவட்டார உழவர்கள் அறிந்திருப்பது அண்ணா பண்ணையினாலும் வேளாண் கல்லூரியினாலும். துப்பாக்கியோடு இவ்வூருக்கு நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும், இந்தியாவில் துப்பாக்கி சுடுதல் ஒரு பொழுதுபோக்காகவும் விளையாட்டாகவும் எவ்வாறு நடைபெறுகிறது, கைத்துப்பாக்கியை ஒரு குடிமகன் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விகளை ஆராய்வதற்கு இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் குறைவு. 1730இல் தொண்டைமான் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தது இவ்வூர்ச் சிகாநாதர் கோயிலில்தான். அந்த மரபில் வந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் துப்பாக்கி ஏந்தினார். இங்கிருந்து வடகிழக்கே, அதிகத் தொலைவில் இல்லாத நார்த்தாமலையில், 2021ஆம் ஆண்டின் இறுதியில் அருகிலிருந்த சுடுதளத்திலிருந்து வந்த குண்டு பட்ட 11 வயதுச் சிறுவன் ஒருவன் சில நாட்களில் உயிரிழக்க நேர்ந்தது. ஒரே மாவட்டத்தின் ஒரே பாறை நிலத்தில் துப்பாக்கிக்கு வாய்த்த இந்த இரு முகங்களையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தப் பொருளைப் பேசுவது அரைகுறையாகவே முடியும்.

தென் தமிழகத்தில் துப்பாக்கி ஒரு காலத்தில் அரசாங்கத்தின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. பாளையக்காரர்களிடமும் அவர்களுடைய காவல்காரர்களிடமும் திரி வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகள் இருந்தன. 1799இல் கட்டபொம்மனும், 1801இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்ட பிறகு, அதே 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்மாவட்ட மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. கும்பினியாருக்குத் துணைநின்ற புதுக்கோட்டை மட்டும் சமஸ்தானமாக நீடித்தது. 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிவிட்டு, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. இன்றைய இந்தியச் சட்டத்தில் காணப்படும் எச்சரிக்கையுணர்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: குடிமகனின் கையில் உள்ள துப்பாக்கியை ஐயத்தோடு பார்க்கும் வழக்கம் குடியரசு உருவாக்கியதல்ல, அது காலனி ஆட்சியிடமிருந்து பெற்றுக்கொண்ட சொத்து, விலக்குப் பெற்றிருந்த வெள்ளையர் மட்டும் போய்விட்டனர்.

விலக்கு பெற்ற இன்னொரு கூட்டம் மன்னர்களும் ஜமீன்தார்களும் ஆவர். அவர்களுக்குத் துப்பாக்கி என்றால் வேட்டை. புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் சில காடுகள் அரச வேட்டைக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்கள் இணைந்ததும் (புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று இணைந்தது), 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், இந்தப் பழைய வேட்டைக்காரக் குடும்பங்களின் கைகளில் இருந்த விலையுயர்ந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவற்றுக்கு முறையான வேலை தந்தது விளையாட்டு. இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி. வி. மவ்லங்கர் அதன் முதல் தலைவர். பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1960 முதல் ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டு, 1962இல் கெய்ரோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் வெள்ளிப் பதக்கமும் வென்றார். துப்பாக்கி சுடுதல் பணக்காரர் விளையாட்டு என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு இந்தத் தொடக்கமே காரணம். அந்தப் பெயர் முழுப் பொய்யும் அல்ல.

தொண்டைமான் குடும்பத்து வாரிசு தேர்ந்தெடுத்த பிரிவான 'டிராப்' வேட்டையிலிருந்து நேராகப் பிறந்தது. பறந்து எழும் பறவைக்குப் பதிலாக இயந்திரம் வீசும் தட்டைச் சுடுவது அதன் சாரம். தட்டின் விட்டம் 11 சென்டிமீட்டர், எடை சுமார் 105 கிராம்; பெயரளவில் களிமண் தட்டு என்றாலும் இன்று அது தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து அச்சில் வார்க்கப்படுவது. சுடுபவர் நிற்கும் ஐந்து இடங்களுக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளமான அகழி உள்ளது. அதனுள் 15 இயந்திரங்கள், ஓர் இடத்துக்கு மூன்றாக, மறைவாக அமைக்கப்பட்டிருக்கும். சுடுபவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்டு குரல் கொடுத்ததும் முன்னால் உள்ள ஒலிவாங்கி அதைக் கேட்டு, மூன்றில் ஏதோ ஓர் இயந்திரத்தை முடுக்கிவிடும். தட்டு இடப்புறம் போகுமா, வலப்புறம் போகுமா, நேராகப் போகுமா என்பது சுடுபவருக்குத் தெரியாது. 76 மீட்டர் தூரத்தை எட்டும் வேகத்தில் அது விலகிச் செல்ல, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முதல் தோட்டா வெடித்தாக வேண்டும். தவறினால் இரண்டாவது குழலில் இன்னொரு தோட்டா இருக்கிறது. தகுதிச் சுற்றில் இவ்வாறு 125 தட்டுகள் இரண்டு நாட்களில் சுடப்படுகின்றன. 120ஐத் தாண்டியவர்களும் சில வேளைகளில் இறுதிச் சுற்றை எட்டாமல் போவதுண்டு.

இங்கே பயன்படுவது '12 போர்' துப்பாக்கி. 'போர்' என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் பழைய அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குள் அளவாகப் பொருந்துமோ அது 12 போர். இதன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இருக்காது. 24 கிராம் எடையுள்ள சிறு ஈய ரவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இந்த வேறுபாடு பின்னர் முக்கியமாகப் போகிறது: ரவைகள் மிக விரைவில் வேகம் இழந்து, இருநூறு மீட்டரை ஒட்டிய தூரத்துக்குள் தரையில் உதிர்ந்துவிடும். பிரித்விராஜ் தொண்டைமான் 2023 மார்ச்சில் தோஹாவில் நடந்த உலகக் கோப்பையில் டிராப் பிரிவில் வெண்கலம் வென்றார்; அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து அணிப் பிரிவில் தங்கம் வென்றார். பாரிஸில் அவரால் இறுதிச் சுற்றுக்கு முன்னேற இயலவில்லை. எனினும், கிரிக்கெட்டுக்கு வெளியே உலகத் தரத்தில் ஒரு புதுக்கோட்டைக்காரரின் பெயர் ஒலித்தது உண்மை. உள்ளூரில் அது போதிய அளவு பேசப்படவில்லை என்பதும் உண்மை.

கைத்துப்பாக்கியின் கதை வேறு. ஒரு கையால் தூக்கிச் சுடத்தக்க குட்டைக் குழல் துப்பாக்கிகள் அனைத்தும் கைத்துப்பாக்கிகளே. அவற்றுள் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருந்தால் ரிவால்வர் என்றும், கைப்பிடிக்குள் செருகும் பெட்டியில் இருந்தால் பிஸ்டல் என்றும் பொதுவாகச் சொல்வர். நெடுங்குழல் துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொள்ளலாம். கைத்துப்பாக்கிக்கு நீட்டிய கையைத் தவிர வேறு தாங்கல் இல்லை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் குறைவாக இருப்பதால், மணிக்கட்டு நூலிழை அசைந்தாலும் இலக்கில் அது பல சென்டிமீட்டர் விலகலாக வெளிப்படும். இந்தக் கடினமே இதன் கவர்ச்சி. அதே வேளையில், இடுப்பில் மறைத்து வைக்கத்தக்க அளவே இதன் ஆபத்து. பல நாடுகளின் சட்டங்கள் நெடுந்துப்பாக்கியைவிடக் கைத்துப்பாக்கியைக் கூடுதல் கண்டிப்போடு நோக்குவதற்கு அதுவே காரணம்.

இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த வேறுபாட்டை ஒரு பிரிவில் மிகத் தெளிவாகப் போட்டு உடைக்கிறது. அதன் 13ஆம் பிரிவின்படி, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட ரவைத்துப்பாக்கி கேட்பவருக்கும், பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கும், அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப்பின் உறுப்பினராக இருந்து இலக்குப் பயிற்சிக்கு .22 ரைபிளோ காற்று ரைபிளோ கேட்பவருக்கும், தடை ஏதும் இல்லையெனில் உரிமம் வழங்க வேண்டும். பிற எல்லாத் துப்பாக்கிகளும், கைத்துப்பாக்கி உட்பட, 'தக்க காரணம்' இருப்பதாக உரிம அதிகாரி நிறைவடைந்தால் மட்டுமே கிடைக்கும். அதாவது, காட்டுப்பன்றி விரட்டும் உழவரையும் கிளப்பில் சுடும் இளைஞரையும் சட்டம் ஒருவாறு நம்புகிறது. வீட்டு அலமாரியில் ரிவால்வர் வைத்துக்கொள்ள விரும்புபவரிடம் 'எதற்கு?' என்று கேட்கிறது. 'பிடிக்கும் என்பதால்' என்ற விடை அங்கே செல்லாது.

தக்க காரணத்தை ஏற்கச் செய்தாலும் எந்தக் கைத்துப்பாக்கியும் கிடைத்துவிடாது. படையினரும் காவலரும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர், .38, .455 அளவுத் தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட அளவினவாக வகுக்கப்பட்டுள்ளன. சாதாரணக் குடிமகனுக்குப் பெரும்பாலும் எஞ்சுவது .32, அதாவது அங்குலத்தில் நூற்றில் 32 பங்கு, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோட்டாவைச் சுடும் ரிவால்வரோ பிஸ்டலோதான். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியிலிருந்து நின்றுபோனதால், நெடுங்காலம் கான்பூரிலும் பிற ஊர்களிலும் உள்ள அரசுத் தொழிற்சாலைகள் செய்த கைத்துப்பாக்கிகளே சந்தையாக இருந்தன. பழைய இறக்குமதித் துப்பாக்கிகள் தகுதிக்கு மீறிய விலையில் கைமாறின. திருச்சி வட்டார மக்கள் 'துப்பாக்கித் தொழிற்சாலை' என்றே அழைக்கும், 1966இல் தொடங்கப்பட்ட நிறுவனமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதன் பெரும் வேலை படைகளுக்கான நெடுந்துப்பாக்கிகளைச் செய்வது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் உரிமம் கோருபவர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்; தொண்டைமான்களின் அரண்மனையே இன்று ஆட்சியர் அலுவலகமாக இயங்குவதால், ஒரு காலத்தில் துப்பாக்கிக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாதிருந்தவர்களின் வீட்டுக்குள்ளேயே இந்த மனுக்கள் பரிசீலிக்கப்படுகின்றன. விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். காவல் நிலையம் அவருடைய நடத்தையையும் வழக்குகளையும் விசாரித்து அறிக்கை தரும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றிருப்பதையும், வீட்டில் அதைப் பூட்டி வைக்க வசதி இருப்பதையும் வலியுறுத்துகின்றன. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. திருமண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுடும் வட இந்திய வழக்கத்தையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. உரிமம் பெற்ற பிறகும் நிம்மதி நிரந்தரமல்ல. தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிவுகள் வந்த பின் திரும்பப் பெற வேண்டிய வழக்கத்தை உரிமதாரர் எவரும் அறிவர். துப்பாக்கி வைத்திருப்பது இந்நாட்டில் அடிப்படை உரிமை அல்ல, அரசு தரும் சலுகை என்பதற்கு அந்த ரசீதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிர் முனையில் அமெரிக்கா நிற்கிறது. அங்கே அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 2008இல், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றே தீர்ப்பளித்தது. எனவே அங்கு வார இறுதியில் சொந்தப் பிஸ்டலைக் காரில் எடுத்துச் சென்று சுட்டுவிட்டு வருவது பல இலட்சம் பேருக்கு இயல்பான பொழுதுபோக்கு. பிரிட்டன் இடையில் தடம் மாறிய நாடு. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலையாளி பயன்படுத்திய கைத்துப்பாக்கிகள் முறையான உரிமம் பெற்றவை என்பதும், அவன் சுடுதல் பழகியவன் என்பதும் தெரியவந்தன. மறு ஆண்டே பிரிட்டனின் பெருநிலத்தில் .22 விளையாட்டுப் பிஸ்டல்கள் உட்படக் கைத்துப்பாக்கிகள் ஏறத்தாழ முற்றாகத் தடை செய்யப்பட்டன. அதன் விளைவாக அந்நாட்டுப் பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்காக வெளிநாடு செல்ல வேண்டியதாயிற்று. 2012 லண்டன் ஒலிம்பிக் போட்டிக்கே சிறப்பு அனுமதி தேவைப்பட்டது. கைத்துப்பாக்கி உரிமையாளரையும் விளையாட்டு வீரரையும் ஒரே தட்டில் நிறுத்தினால் இந்தச் சிக்கல் தவிர்க்க முடியாதது.

இந்தியா அவ்விருவரையும் பிரித்து நிறுத்தியது; இது போதிய பாராட்டைப் பெறாத ஒரு நல்ல முடிவு. பன்னிரண்டு வயது நிறைந்தவர் மேற்பார்வையின் கீழ் சுடுதளத்தில் பயிற்சி பெறலாம். 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் தளர்த்தி, இரண்டுக்கு மேற்பட்ட பிரிவுகளில் புகழ்பெற்ற வீரர் 12 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றும், .22 தோட்டாக்கள் ஆண்டுக்கு 1000 என்றிருந்ததை 5000 வரை வாங்கலாம் என்றும் அறிவித்தது. தீவிரமாகப் பயில்பவருக்கு ஒரு நாளைக்கே நூறு தோட்டா செலவாகும் என்பதை நினைத்தால் பழைய வரம்பு எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். அதற்கும் மேலாக, 4.5 மில்லிமீட்டர் அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத்துப்பாக்கிகளுக்கு உரிமமே தேவையில்லை என்ற விலக்குதான் இந்த விளையாட்டைச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் காற்று ரைபிள் பிரிவைச் சேர்ந்தவர். பாரிஸில் இரு வெண்கலம் வென்ற மனு பாக்கரின் பதக்கங்கள் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலுக்கானவை. அபினவ் பிந்த்ரா 2008இல் வென்ற தங்கமும் காற்று ரைபிளில்தான்.

காற்றுப் பிஸ்டல் என்பது விளையாட்டுச் சாமான் அன்று. வெடிமருந்துக்குப் பதிலாக உருளையில் அடைத்த அழுத்தக் காற்று, இடுப்பு சிறுத்த ஈயப் 'பெல்லட்' ஒன்றைத் தள்ளிவிடுகிறது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். போட்டியில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். 10 மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தானின் அகலம். துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மிகக் கூடாது. விசை அரைக் கிலோ எடையையாவது தாங்கிய பிறகே விடுபட வேண்டும். மறு கை துணை செய்யக் கூடாது என்பதால் வீரர் அதைப் பையிலோ இடுப்புப் பட்டையிலோ செருகிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, துப்பாக்கியை இலக்குக்கு மேலே தூக்கி மெல்ல இறக்குகிறார். அப்போது அவர் இலக்கைப் பார்ப்பதில்லை. கண் ஒரே நேரத்தில் அருகையும் தொலைவையும் தெளிவாகக் காண இயலாது என்பதால், முன்குறியின் மேல்விளிம்பில் பார்வையை நிறுத்திவிட்டு, இலக்கை ஒரு மங்கலான கரும்புள்ளியாக விட்டுவிடுகிறார். கை ஒருபோதும் முழுமையாக அசையாமல் நிற்பதில்லை. அந்தச் சிறு அசைவை ஏற்றுக்கொண்டு, விசையைத் திடுக்கென இழுக்காமல் படிப்படியாக அழுத்தப் பழகுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். தளத்தில் கட்டளை வரும்வரை குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்பு நாடா செருகப்பட்டிருக்கும். தொலைவிலிருந்து பார்க்கும் நடுவர், நாடா தெரிந்தால் துப்பாக்கி வெறுமையாக இருக்கிறது என்று அறிவார்.

தமிழகத்தில் இந்தக் காட்சி பொதுமக்களின் கண்ணில் பட்டது பெரும்பாலும் ஒரு நடிகரால். நடிகர் அஜித்குமார் மாநிலச் சாம்பியன் போட்டிகளில் தொடர்ந்து பங்கேற்று, 2022 ஜூலையில் திருச்சி கே.கே. நகரில் உள்ள ரைபிள் கிளப்பில் நடந்த போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெண்கலமும் பெற்றார். வெளியே திரண்ட கூட்டம் அவரைக் காண வந்ததே அன்றி, சுடுதலைக் காண வந்ததல்ல. சுடுதல் பார்வையாளருக்குப் பெரிதாக எதையும் தராத விளையாட்டும்கூட. ஆயினும், கைத்துப்பாக்கியை ரவுடியின் இடுப்பிலும் காவலரின் உறையிலும் மட்டுமே திரையில் பார்த்துப் பழகிய ஒரு சமூகம், அதைக் கண்ணாடியும் காதடைப்பானும் அணிந்த ஒருவரின் கையில், நடுவரின் கட்டளைக்குக் கட்டுப்பட்டதாகப் பார்த்தது. குடுமியான்மலைப் பகுதி இளைஞர் ஒருவர் முறையாகச் சுடப் பழக விரும்பினால் அவருக்குக் கிட்டத்தில் கிடைக்கும் பெரிய வாய்ப்பும் அந்தத் திருச்சிக் கிளப்தான்.

இதுவரை கூறியவை அனைத்தும் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியைச் சுற்றி வந்தவை. சட்டத்தின் கவனமும் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது: வயது என்ன, வழக்கு உண்டா, எத்தனை துப்பாக்கி, எத்தனை தோட்டா. நார்த்தாமலை எழுப்பிய கேள்வி வேறு. அங்கே பசுமலைப்பட்டியில் உள்ள சுடுதளம் தனியாருடையது அல்ல, காவல் துறையினரும் மத்தியப் படைகளும் பயிற்சிக்காகப் பயன்படுத்தியது. 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது, தளத்துக்கு அப்பால் கிராமத்தில் வீட்டில் இருந்த சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த அவன் 2022 ஜனவரி 3 அன்று இறந்தான். தளம் மூடப்பட்டது, அரசு 10 இலட்சம் ரூபாய் நிதியுதவி அறிவித்தது, தளத்தை நிரந்தரமாக மூட வேண்டும் என்று ஊர்மக்கள் கோரினர். அங்கே சுட்டவர்களில் எவருக்கும் உரிமப் பிரச்சினை இல்லை. பயிற்சியோ ஒழுங்கோ இல்லாத கூட்டமும் அல்ல. துப்பாக்கி சரியானவர்களிடமே இருந்தது, குண்டு மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

இதன் இயற்பியலை விளங்கிக்கொள்வது கடினமல்ல. சிறியதென்று கருதப்படும் .22 தோட்டாவின் குண்டே தடையின்றிப் பறந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் செல்லும், படைகளின் 7.62 மில்லிமீட்டர் ரைபிள் குண்டு நான்கு கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. இலக்கு 50 மீட்டரிலோ 300 மீட்டரிலோ இருக்கிறது என்பது குண்டுக்குத் தெரியாது. இலக்கைத் துளைத்த பிறகும் அதன் ஆற்றலின் பெரும்பகுதி மிச்சமிருக்கும். ஆகவே சுடுதளம் என்பது இலக்கு நடும் மைதானம் அன்று, குண்டை நிறுத்தும் கட்டுமானம். இலக்குகளுக்குப் பின்னால் உயரமான மண்மேடு, அதன் முகத்தில் கல் இல்லாத மணல், பக்கச் சுவர்கள், குழல் மேல்நோக்கி நழுவினாலும் வானம் தெரியாதபடி சுடுபவரின் முன்னே தலைக்கு மேல் குறுக்காக நிறுத்தப்படும் தடுப்புகள், இவற்றுக்கும் அப்பால் ஆள் நடமாட்டம் இல்லாத பாதுகாப்பு நிலம், சுடும் நாட்களில் ஏற்றப்படும் சிவப்புக் கொடி எனப் பல அடுக்குகள் ஒன்றை ஒன்று தாங்க வேண்டும். பாறைக் குன்றைப் பின்னணியாகக் கொண்டால் போதும் என்று நினைப்பது புதுக்கோட்டை போன்ற நிலத்தில் எளிதில் ஏற்படக்கூடிய மயக்கம். கருங்கல் குண்டை விழுங்காது. சாய்வாகப் பட்ட குண்டு திசை மாறித் தெறிக்கும், எங்கே போகும் என்பதை எவராலும் கணிக்க முடியாது. மண்ணே குண்டை விழுங்கும். அதோடு, தளம் அமைத்த காலத்தில் பொட்டலாக இருந்த இடங்களில் இருபது ஆண்டுகளில் வீடுகள் எழுந்துவிடுகின்றன. ஒருமுறை தந்த பாதுகாப்புச் சான்று அந்த வீடுகளை அறியாது.

விளையாட்டுச் சுடுதலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், ஆனால் பிரிவுக்குப் பிரிவு அளவு மாறும். தொண்டைமான் வாரிசின் டிராப் பிரிவில் ரவைகள் இருநூறு மீட்டரை ஒட்டிய தூரத்திலேயே உதிர்வதால், முன்னால் முந்நூறு மீட்டர் வெற்றுநிலம் ஒதுக்கினால் பெரும் ஆபத்து தீர்ந்துவிடும். அந்த நிலத்தில் ஆண்டாண்டாக ஈயம் சேர்வது வேறொரு கவலை, கண்மாயும் வயலும் அருகில் இருந்தால் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கும் .32 பிஸ்டலுக்கும் தலைக்கு மேல் தடுப்புகளும் சுற்றுச்சுவரும் கொண்ட மூடிய தளமே ஏற்றது. நெடுந்தொலைவு ரைபிளுக்கோ கிலோமீட்டர் கணக்கில் ஆளில்லா நிலம் வேண்டும். ஊருக்கு ஊர் இடைவெளி குறைந்த இம்மாவட்டத்தில் அதற்கு இடம் தேடுவது வீண் வேலை. காற்றுப் பிஸ்டலுக்கும் காற்று ரைபிளுக்கும் தேவைப்படுவது மிகக் குறைவு. பதினைந்து மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம், பெல்லட்டை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் இரும்புப் பெட்டிகள், ஒற்றை வாசலுக்குப் பூட்டு, பொறுப்பான ஒரு பயிற்சியாளர் ஆகியவை இருந்தால், இலுப்பூரிலோ அன்னவாசலிலோ ஓர் அரசுப் பள்ளியின் பயன்படாத கட்டடத்தில்கூட அதைத் தொடங்கிவிடலாம்; பக்கத்துக் கிராமத்தை அச்சுறுத்த வேண்டியதில்லை.